அடங்கிய குரல்

ராக் பாட நினைக்கும் ஆண்களுக்கு முதலில் வாய்க்கும் ஆசிரியர்கள் எல்லோரும் உச்சத்தில் பாடுகிறவர்கள். ராபர்ட் பிளாண்ட், ஃப்ரெடி மெர்க்குரி, புரூஸ் டிக்கின்ஸன். அந்தக் குரல்களைக் கேட்டால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் என் தொண்டை வேறு. பேசும்போது எங்கே நிற்கிறதோ, பாடும்போதும் அங்கேயே நிற்க ஆசைப்படும் தொண்டை அது. அதற்கு யார் ஆசிரியர்? கொச்சியின் மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியோடுதான் பாட்டுக் கேட்கிறேன்.

*

உச்சக் குரல் வெறும் வீம்பு அல்ல. ஆண் பேசும்போது குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 100 முதல் 150 முறை அதிர்கின்றன. ராக்கின் கனத்த வடிவமான மெட்டலில் கிதாரும் பேஸும் அடர்ந்து நிற்பதும் அந்தப் பகுதியில்தான். குரல் மேலே ஏறிவிட்டால் தனியாகக் கேட்கும். கீழே நின்றால் மூழ்கிவிடும். ஆகவே தாழ்ந்து பாடுவது பாடகர் ஒருவரே எடுக்கிற முடிவாக இருக்க முடியாது. கிதார்காரர் கையை அடக்க வேண்டும், டிரம்ஸ் ஒதுங்கி நிற்க வேண்டும். அடங்கிய குரல் கேட்கிறது என்றால், அதைச் சுற்றி இருப்பவர்களும் அடங்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

*

நம் நாடக மேடையிலும் இதே கதைதான். மைக் இல்லாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பா உயர்ந்த சுருதியில் பாடினார். கடைசி வரிசைக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டியிருந்தது. 1925-இல் மைக் கொண்ட மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகு, உலகம் முழுவதும் ஒரு புதிய பாடகர் பிறந்தார்: பக்கத்தில் இருப்பவரிடம் பாடுகிறவர். தமிழில் ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் அந்த வழியில் வந்தவர்கள். காதலும் துயரமும் உரத்துச் சொல்லாமலே போய்ச் சேரும் என்று நமக்குக் காட்டியவர்கள் அவர்கள். ராக் கற்கிறவர்களும் அவர்களைக் கேட்க வேண்டும் என்பேன்.

*

மெட்டலில் நான் திரும்பத் திரும்பப் போகும் குரல், ஸ்வீடனின் காட்டடோனியா குழுவைச் சேர்ந்த யோனாஸ் ரெங்க்ஸேயுடையது. 1993-இல் வந்த முதல் ஆல்பத்தில் அவர் உறுமிப் பாடினார். பிறகு தொண்டை அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1996-இல் வந்த அடுத்த ஆல்பத்தில் உறுமும் பகுதிகளை நண்பர் மைக்கேல் ஓகர்ஃபெல்ட் பாடிக் கொடுத்தார். 1998-இல் ‘டிஸ்கரேஜ்ட் ஒன்ஸ்’ வந்தபோது ரெங்க்ஸே தன் சாதாரணக் குரலில் பாடினார். இன்றுவரை அதுவே அவர் வழி. ஓகர்ஃபெல்ட்டும் தன் ஓபெத் குழுவோடு 2003-இல் ‘டாம்னேஷன்’ என்ற ஆல்பத்தை ஓர் உறுமல்கூட இல்லாமல் செய்தார்.

ரெங்க்ஸே ஸ்வரத்தை உலுக்குவதில்லை. வரியின் கடைசிச் சொல்லை இழுத்துக் காட்டுவதில்லை. பின்னால் எவ்வளவு பெரிய ஓசை எழுந்தாலும் அதோடு போட்டிக்குப் போவதில்லை. ஒரு வழி அடைபட்ட இடத்தில் அவருக்கு இன்னொரு வழி திறந்தது. அதைத் தோல்வியாக நினைக்காமல் தன் குணமாகவே ஆக்கிக்கொண்டார்.

*

கொச்சிக்கு ராக் புதிதல்ல. 1977-இல் தொடங்கிய 13 ஏ.டி., 1996-இல் தொடங்கிய மதர்ஜேன், 2013-இல் வந்த தைக்கூடம் பிரிட்ஜ் எல்லாம் இந்த ஊர்க் குழுக்கள். மதர்ஜேனின் ‘மக்தூப்’ ஆல்பத்தில் சூரஜ் மணி பாடுவது வலுவான, ஓங்கிய பாட்டு. அதை மதிக்கிறேன். நான் தேடிய அடங்கிய குரலோ நான் வாழும் மட்டாஞ்சேரியிலேயே, வேறொரு இசையில் இருந்தது.

குஜராத்திகளும் கச்சி மேமன்களும் வணிகத்துக்காக வந்து தங்கிய ஊர் இது. இந்துஸ்தானி இசையும் கஜலும் இங்கே வேர்பிடித்துவிட்டன. 1926-இல் பிறந்து 1981-இல் மறைந்த மெஹ்பூப், சினிமாவில் பாடியதற்கு இணையாக இங்குள்ள மெஹ்ஃபில் என்னும் இசைக்கூட்டங்களில் பாடியதற்காகவும் நினைவுகூரப்படுகிறார். அவருக்குத் தபலா வாசித்த இளைஞர் இப்ராஹிம். பம்பாயில் உஸ்தாத் முஜாவர் அலி கானிடம் கற்று ஊர் திரும்பிய அவரைத்தான் கேரளம் பின்னர் உம்பாயி என்று அறிந்தது. கவிஞர்கள் ஓ.என்.வி. குறுப்பின் வரிகளையும் சச்சிதானந்தனின் வரிகளையும் மலையாள கஜலாகப் பாடினார். 2018 ஆகஸ்ட் 1 அன்று காலமானார்.

உம்பாயியின் குரல் வழவழப்பானதல்ல. சற்றே கரகரத்தது, கனத்தது. ஹார்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்வார். அது கேட்பவரிடம் போய்ச் சேரும் வரை காத்திருப்பார். பிறகுதான் அடுத்த சொல். ரெங்க்ஸேயையும் இவரையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மொழி, தாளம், வாத்தியம் எல்லாம் வேறு. உணர்ச்சியைக் காட்டாமல் தாங்கி நிற்கும் வலிமை மட்டும் ஒன்று.

*

பயிற்சிக்காக எழுதி வைத்துக்கொண்டவை:

மெதுவாகப் பாடுவது வேறு, கிசுகிசுப்பது வேறு. கிசுகிசுப்பில் காற்று வீணாகக் கசிகிறது; தொண்டை சீக்கிரம் வறண்டுவிடும். குரல்நாண்கள் சேர்ந்து அதிர வேண்டும், மூச்சு குறைவாகவும் சீராகவும் போக வேண்டும். இதற்கும் வயிற்றின் பிடிமானம் தேவை.

குரலை வேண்டுமென்றே ஆழமாக்கக் கூடாது. குரல்வளையைக் கீழே அமுக்கிப் பாடினால் கம்பீரம் வருவதுபோலத் தோன்றும். வருவது இறுக்கம்தான்.

மைக்குக்கு மிக நெருங்கினால் அடிக்குரல் தடிக்கும், சொல் மங்கும். சற்று விலகினால் சொல் தெளியும். பாடும்போதே அந்தத் தூரத்தைத் தெரிந்து நகர வேண்டும்.

மெய்யெழுத்துகளைக் கைவிடக் கூடாது. தாழ்ந்த குரலைக் கிதார்களுக்கு நடுவில் காப்பாற்றுவது ‘க்’, ‘ச்’, ‘ட்’, ‘த்’ ஆகியவற்றின் கூர்மை.

ஆசிரியரிடம் பிடிமானத்தைக் கற்கலாம்; தொண்டையைக் கடன் வாங்க முடியாது.

*

உச்சத்தை எட்ட முடியவில்லை என்று பாட்டையே விட்டுவிட்ட இளைஞர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிடித்த பாட்டின் வரிகளை முதலில் நண்பரிடம் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தக் குரல் நிற்கும் சுருதியைக் கண்டுபிடியுங்கள். பாட்டை அங்கே இறக்கிப் பாடுங்கள். உங்கள் ஊரில் அப்படிப் பாடும் மூத்தவர் ஒருவர் இருந்தால், அவர் பாடுவது கஜலோ, கீர்த்தனையோ, தேவாலயப் பாட்டோ, அருகில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.