நலம் என்று மட்டும் எழுதாத மகன்

தூரத்தில் இருப்பவர் வீட்டாரிடம் எதைச் சொல்லலாம், எதை மென்று விழுங்கிவிட வேண்டும்? முதல் உலகப் போரில் பிரெஞ்சு மண்ணில் நின்ற ஆங்கிலேய அதிகாரி, கவிஞர் வில்ஃபிரட் ஓவன் தன் அம்மா சூசனுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது.

அன்று பிரிட்டிஷ் ராணுவம் சிப்பாய்களுக்கு ஓர் அஞ்சலட்டை கொடுத்தது. 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் இருக்கிறேன்' என்று வரிகள் அச்சிட்டிருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். கூடுதலாக ஒரு வரி எழுதினாலும் அட்டை போய்ச் சேராது. சிப்பாய்களின் கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்தவர்கள் ஓவன் போன்ற இளம் அதிகாரிகள். மனைவியிடம் ஒருவன் எதையெல்லாம் மறைக்கிறான் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த கண்கள் அவருடையவை.

அவர் மறைக்கவில்லை. 1917 ஜனவரியில் முன்வரிசைக்குப் போய் வந்ததும், அம்மாவை ஏமாற்ற ஒரு நியாயமும் இல்லை என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். 25 பேர் நெருக்கியடித்து நின்ற பதுங்குகுழி. உள்ளே ஓரடி, இரண்டடித் தண்ணீர். ஐம்பது மணி நேரம் விடாத குண்டுவீச்சு. காவலுக்கு நின்ற ஒரு பையனுக்குக் கண் போனது.

அதைப் படித்த இரவு அந்தத் தாய் தூங்கியிருப்பாரா? சந்தேகம்தான். ஆனாலும் நான் ஓவன் பக்கம் நிற்கிறேன். பெற்றவளுக்குக் கவலை வேண்டாம் என்று மறைப்பதையே பாசம் என்று நாம் பழகிவிட்டோம். அப்படி மறைத்து மறைத்து, நம்மை அறியாத ஒருத்தியாக அவளை ஆக்கிவிடுகிறோம். அதே ஆண்டு மன அதிர்ச்சியில் ஓவன் எடின்பரோவில் சிகிச்சைக்குச் சேர்ந்தபோது, என்ன நடந்தது என்று சூசனுக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியிருந்திருக்காது.

கடைசிக் கடிதம் 1918 அக்டோபர் 31 தேதியிட்டது. ஓர்ஸ் கிராமத்துக்கு அருகே, காட்டுக் காவலர் வீட்டு நிலவறையில் எழுதியது. கண்ணை மறைக்கும் புகை. ஒருவர் விறகு பிளக்கிறார், இன்னொருவர் உருளைக்கிழங்கை உரித்துப் பானையில் போடுகிறார். இங்கே ஆபத்தில்லை என்கிறார். அந்த நிலவறைக்குள் அதுவும் உண்மைதான். நவம்பர் 4 அன்று கால்வாயைக் கடக்கும் சண்டையில் இறந்தார். வயது 25. தந்தி வீடு வந்த நாள் நவம்பர் 11, போர் நின்ற நாள்.

1920இல் சூசன் தாகூருக்குக் கடிதம் எழுதினார். கடைசியாக விடைபெற்றபோது மகன் சொன்னவை தாகூரின் வரிகள் என்றும், மகனுடைய கைக்குறிப்பேட்டில் அவை தாகூர் பெயரோடு எழுதப்பட்டிருந்தன என்றும் தெரிவித்தார். மகனின் மனதில் என்ன ஓடியது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது.

வெளியூரில் இருக்கும் பிள்ளை போனில் "நல்லா இருக்கேம்மா" என்றால், அதோடு விட்டுவிடாதீர்கள். இன்னொரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.