ஒப்புதல், சந்தேகம், துரோகம்

1982ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவில் லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் என்ற மூவர் பைஸாண்டியத் தளபதிகளின் பிரச்னை பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். இந்தியாவில் கோழிப் பண்ணைக்காரர்கள், பி.வி. ராவின் முன்முயற்சியில், தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள். முன்னது கணினி விஞ்ஞானம், பின்னது வயிற்றுப்பாடு. அன்று சேலம் ஜில்லாவுக்குள் இருந்து, 1997இல் தனி மாவட்டமான நாமக்கல்லில் உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு இரண்டும் ஒரே கேள்வியாகப் படுகின்றன. தலைவன் என்று ஒருவன் இல்லாத இடத்தில், ஒருவரை ஒருவர் முழுக்க நம்ப முடியாதவர்கள் எப்படி ஒரு முடிவுக்கு வருவது?

முட்டை காத்திருக்காத சரக்கு. விலை சரிந்த நாளிலும் கோழி இட்டுக்கொண்டேதான் இருக்கும். பண்ணைக்காரர்கள் தனித்தனியாக நின்றவரை வெளியூர் நிலவரம் வியாபாரி வாய் திறந்தால்தான் தெரியும். நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தரகனை நினைத்துக்கொள்ளலாம்: விலை இரண்டு கைகளுக்குள் பிறந்து அங்கேயே மறைந்துவிடும், மூன்றாமவனுக்கு எட்டாது. குழு செய்த காரியம் அந்தத் துண்டை விலக்கியதுதான். உற்பத்தியாளர் தரப்பிலிருந்து ஒரு விலை எல்லோர் காதிலும் விழும்படி அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவித்துவிட்டால் போதுமா? எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும். பிரச்னை தொடங்குவது இங்கேதான்.

லாம்போர்ட் முதலானோரின் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். மோகனூர் ரோட்டில் மூன்று பண்ணைக்காரர்கள், நாளை விற்பதா நிறுத்திவைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். மூத்தவர் இளையவர் இருவருக்கும் 'நிறுத்து' என்று சொல்லியனுப்புகிறார். இளையவர்களில் ஒருவர் மற்றவரிடம், 'என்னிடம் விற்கச் சொன்னாரே' என்கிறார். கேட்டவர் என்ன முடிவுக்கு வருவார்? மூத்தவர் ஆளுக்கொரு பேச்சுப் பேசினாரா, அல்லது இவர் புளுகுகிறாரா? இரண்டு நிலையிலும் அவர் காதில் விழுவது ஒரே வார்த்தைகள்தான். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி மூவரில் ஒரு பொய்யனைச் சமாளிக்க முடியாது, நால்வர் வேண்டும் என்று அவர்கள் நிரூபித்தார்கள். பொதுவாக, பொய்யர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை சபை நிலைக்கும். மாற்ற முடியாத கையெழுத்தோடு செய்தி போனால் இந்தக் கட்டாயமும் தளர்ந்துவிடும்.

துரோகியே இல்லாத சமூகத்தைக் கனவு காண்பது நமக்குப் பழகிய ஒழுக்க சாஸ்திரம். துரோகியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சமூகத்தைக் கட்டுவது இவர்கள் வழி. இது எனக்கு ஆரோக்கியமானதாகவே படுகிறது. இன்று பல ஊர்க் கணினிகளில் பிரதிகளாக இருக்கும் கணக்குகள் ஒன்றுபோல நிற்பதற்கு இந்த வகைச் சிந்தனையே ஆதாரம். 2008இல் எழுதப்பட்ட பிட்காயின் கட்டுரை நடுவில் ஒரு ஸ்தாபனமே இல்லாமல் கணக்கு வைக்க வழி சொன்னது. 2019இல் வந்த ஹாட்ஸ்டஃப் என்ற முறை, ஆட்கள் பெருகினாலும் அவர்களுக்கிடையே ஓடும் செய்திகள் கட்டுக்கு மீறிப் பெருகாதபடி ஒப்புதலை எட்டப் பார்க்கிறது.

ஆனால் இந்தத் தர்க்கம் பழுதையும் வஞ்சகத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எந்திரம் கெட்டுத் தப்பாகச் சொன்னாலும், வேண்டுமென்றே பொய் சொன்னாலும் இரண்டுக்கும் ஒரே பெயர். லாம்போர்ட் முதலில் அல்பேனியத் தளபதிகள் என்று எழுத நினைத்தாராம். அல்பேனியாவுக்கு வெளியிலும் அல்பேனியர்கள் இருக்கிறார்கள் என்பதை ஜாக் கோல்ட்பர்க் என்ற சக அறிஞர் உணர்ந்து சொன்ன பிறகு, புண்படுவதற்கு இன்று யாரும் மிஞ்சியிராத பைஸாண்டியத்துக்குப் போனார். துரோகி என்ற சொல் யார்மீதாவது விழும், விழுந்தால் வலிக்கும் என்பது அங்கே ஒருவருக்காவது உறைத்திருக்கிறது.

எங்களுக்கு உறைக்கவில்லை. பல வருஷங்களுக்கு முன், விலை சரிந்திருந்த சமயம், எங்கள் பக்கத்துச் சிறு பண்ணைக்காரர்கள் நான்கு நாள் முட்டை விற்பதில்லை என்று வாய்ப்பேச்சாக முடிவெடுத்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி ஒருவர் வண்டி ஏற்றிவிட்டார். தீவனக் கடன் தலைக்கு மேல். கேட்டபோது அவர் சொன்னது: "கோழிக்குத் தீனி போடோணுமுங்க. அது வெலையக் கேட்டுட்டா திங்குது?" அவரைத் துரோகி என்றார்கள். அவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகவில்லை.

1985இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்ஸன் மூவரும் இன்னொரு முடிவை நிரூபித்தார்கள். செய்தி வந்து சேர இவ்வளவு நேரம் என்ற வரையறை இல்லாத இடத்தில், ஒருவர் ஓய்ந்துபோகக் கூடும் என்ற சாத்தியம் இருந்தாலே போதும்: ஒப்புதல் கட்டாயம் ஏற்பட்டே தீரும் என்று உத்தரவாதம் தரும், சீட்டுக்குலுக்கலை நம்பாத எந்த முறையும் கிடையாது. பதில் வராதவன் செத்துவிட்டானா, தாமதிக்கிறானா என்று தூரத்தில் இருப்பவனால் சொல்ல முடியாது என்பதே இதன் அடிப்படை. மௌனத்துக்கு அர்த்தம் சொல்ல நமக்கு அதிகாரமில்லை என்று இதை நான் வாசிக்கிறேன்.

அப்படியானால் காரியம் நடப்பது எப்படி? 1996இல் சந்திராவும் டூயெக்கும் சந்தேகத்தையே ஒரு கருவியாக்கினார்கள். ஒவ்வொரு கணினியும் தான் சந்தேகிப்பவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். அது தவறாக இருக்கலாம். சந்தேகிக்கப்பட்டவனிடமிருந்து செய்தி வந்தால் பெயரை அடித்துவிட வேண்டும். பெரும்பான்மையோர் இயங்கிக்கொண்டிருந்து, ஓய்ந்தவர்கள் என்றைக்காவது பட்டியலில் சேர்ந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு இயங்குகிறவர்களில் ஒருவரையாவது எவரும் சந்தேகிக்காமல் இருந்தால் ஒப்புதல் சாத்தியம். சந்தேகமே கூடாது என்று இவர்கள் சொல்லவில்லை. திருத்திக்கொள்ள முடிந்த சந்தேகம் வேண்டும் என்கிறார்கள். நம் ஊர்களில் பட்டியல் உண்டு, பெயரை அடிக்கும் வழக்கம்தான் இல்லை.

இன்னொரு விஷயம். ஒப்புதல் வேறு, உண்மை வேறு. அறிவிக்கப்படும் விலை ஒன்று, பண்ணை வாசலில் கைமாறும் விலை இன்னொன்று என்பது நாமக்கல்லில் யாருக்கும் ரகசியமல்ல. இடைவெளிக்கு 'மைனஸ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். விசுவாசமான தளபதிகள் ஒரே முடிவுக்கு வந்துவிட்டால் அந்தக் கட்டுரையின் பிரச்னை தீர்ந்துவிடுகிறது; முற்றுகையிடப்பட்ட நகரத்தை யாரும் கேட்பதில்லை. முட்டை விலையில் கடன்பட்டவனின் குரல் எவ்வளவு? கூண்டுக்குள் நிற்கும் கோழியைப் பற்றிப் பேச்சே இல்லை. யாரைச் சபையில் சேர்ப்பது என்பது கணிதம் தொடங்குவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிற தார்மீகக் கேள்வி.

தலைவன் இல்லாத அமைப்பைப் பலரும் விடுதலை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஆனால் முடிவைப் பங்கிட்டுக்கொள்ளும்போது பழியும் பங்காகிவிடுகிறது. ஆளுக்கு ஒரு துளி, யாருக்கும் கசப்பதில்லை. வண்டி ஏற்றியவர் பிறகு பண்ணையை விற்றுவிட்டு லாரிக்குப் போய்விட்டார். அவர் கடன் விவரம் தெரிந்த பிறகும் யாரும் அவரிடம் போய், 'தப்பாக நினைத்துவிட்டோம்' என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியது இன்னாரென்று ஏற்பாடு இல்லை. இருந்தவர்களில் நானும் ஒருவன், நானும் போகவில்லை.