இரண்டாம் இடத்தின் மதிப்பு

ஒரு கலைப்படைப்பின் மேன்மையை வரிசை எண்ணால் அளக்க முடியுமா என்பது அழகியலில் தீராத வினாக்களுள் ஒன்றாகும். 2018ஆம் ஆண்டின் சிறந்த காணொளி விளையாட்டுக்கான ‘தி கேம் அவார்ட்ஸ்’ விருதைக் ‘காட் ஆஃப் வார்’ வென்றபோது, அதனுடன் போட்டியிட்ட ‘செலெஸ்ட்’ என்னும் சிறிய ஆக்கம் முதலிடத்தை இழந்தது. அதில் மலையேறும் மேடலின் என்னும் பெண், தன் அச்சத்தின் வடிவான நிழலுருவை உதறிவிட முயன்று, இறுதியில் அதனோடு இணங்கிய பின்னரே, ஒருமுறை மட்டும் காற்றில் பாய்ந்த நிலை மாறி இருமுறை பாயும் ஆற்றல் பெறுவதால், அவளுடைய மனமாற்றம் கதையளவில் நில்லாமல் ஆடுபவரின் விரல்களிலேயே உணரப்படுகிறது. தந்தை மகன் உறவை ஆராயும் ‘காட் ஆஃப் வார்’ படைப்பையும் இதையும் நிறுக்கப் பொது அலகு இல்லாத இந்நிலையை மெய்யியலார் ஒப்பளவின்மை என்பர். சுவைத்தீர்ப்பு, அதாவது ஒன்றை அழகியது எனக் கூறும் முடிவு, எவ்விதியாலும் மெய்ப்பிக்க முடியாததாயினும் அனைவரின் உடன்பாட்டையும் கோருகிறது என்று மெய்யியலார் இம்மானுவேல் கான்ட் 1790இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். ஆகவே விருதை முடிவுசெய்யும் வாக்கெண்ணிக்கை நடுவர்களின் பொது விருப்பத்தைக் காட்டுமேயன்றி, தாம் நேசிக்கும் படைப்புக்காக ஒருவர் வாதிடும் உரிமையைப் பறிக்காது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவதே அப்படைப்புக்குச் செய்யும் நீதியாகும்.