பெற்றவர் உரிமையும் அயலார் கடமையும்

“பெற்றவன் அடிக்கிறான், கேட்பதற்கு நீ யார்?” இவ்வினாவுக்கு முன் வாயடைத்துப் போகாதவர் நம்மில் மிகச் சிலரே. தோட்டத்து லயத்திலாயினும் பட்டணத்து அடுக்குமாடியிலாயினும், குழந்தையின் அலறல் கேட்டு எழுந்தவரை மீண்டும் பாயில் அமர்த்திவிடும் வல்லமை இச்சொற்களுக்கு உண்டு. ஆதலின் இவ்வினாவையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிள்ளை, பெற்றோரின் உடைமையா?

அடியாத மாடு படியாது என்று மாட்டுக்குச் சொன்னதை மகனுக்கும் சொல்லி வருகிறோம். மாட்டையும் மகனையும் ஒரே கொட்டிலில் கட்டிய அறிவை என்னென்பது! பெற்றோருக்குப் பிள்ளைமீது அதிகாரம் உண்டு; நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து பிறந்தது? தன்னைத் தானே காத்துக்கொள்ளக் குழந்தைக்கு இயலாது என்பதிலிருந்தே பிறந்தது. காப்பதற்கென்று ஏற்பட்ட அதிகாரத்தைக் கொண்டே காயப்படுத்துபவன், அவ்வதிகாரத்தின் வேரைத் தானே அறுத்துவிடுகிறான். வேரற்ற உரிமைக்கு அயலார் ஏன் அஞ்சவேண்டும்?

பல ஆண்டுகளுக்கு முன் லுக்குட் அருகே ஒரு தோட்டத்து லயத்தில் நாம் சில காலம் குடியிருந்தோம். வீடுகளைப் பிரித்த பலகைச் சுவர் கூரையை எட்டவில்லை. ஒரு வீட்டில் தாளித்தால் நான்கு வீட்டில் தும்முவார்கள். அடுத்த வீட்டுச் சிறுமி கொளுத்தும் வெயிலிலும் நீளக்கைச் சட்டையோடு தண்ணீர்க் குழாய்க்கு வருவாள். பக்கத்தில் நிற்பவர் கூந்தல் முடியக் கையை உயர்த்தினாலும் தலையைக் குனிந்துகொள்வாள். இரவில் கேட்டதை லயம் முழுவதும் கேட்டது, நாமும் கேட்டோம். நாம் செய்ததெல்லாம் வானொலியின் ஒலியைக் கூட்டியதே. சில மாதங்களில் அக்குடும்பம் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்துபோயிற்று. இதை எழுத நமக்குத் தகுதி ஏதேனும் உண்டென்றால் அவ்வெட்கம் ஒன்றே.

கற்றவர்களும் இதில் நம்மினும் மேலானவர்களாக இருக்கவில்லை. பாரிஸ் நகரத்து மருத்துவர் தார்தியூ, குழந்தைகள்மீது வீட்டார் இழைத்த கொடுமைகளை 1860-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார், உலகம் கேளாதிருந்தது. 1946-இல் அமெரிக்காவில் ஜான் கேஃபி என்பவர் ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில் 23 எலும்பு முறிவுகளைக் கண்டார். மூளையைச் சுற்றிக் குருதிக் கசிவும் இருந்தது. காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும் நிலை அப்பொழுது வரவில்லை. 1962-இல் ஹென்றி கெம்ப்பும் அவருடைய தோழர்களும் எழுதிய பின்னரே, பெற்றவர் கையாலும் எலும்பு முறியும் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. எக்ஸ்ரே படம் பொய் சொல்லவில்லை. அன்னையும் தந்தையும் இப்படிச் செய்வார்களா என்னும் நம் நல்லெண்ணமே கண்ணை மறைத்தது.

நம் நாட்டில் 1985-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் இதற்கெனத் தனிக் குழு ஒன்று ஏற்பட்டது. 1990-இல் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கொடுமைக்கு ஆளாகி இறந்தபோது நாடே பதைத்தது. மறு ஆண்டே குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதனையும் வேறு இரு சட்டங்களையும் அகற்றி, அவற்றின் இடத்தில் வந்ததே 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம்.

இனி, எதைக் கண்டு ஐயுறுவது? ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் கணைக்காலிலும் நெற்றியிலும் சிராய்ப்பு உண்டாவது இயல்பு. காதிலும் கழுத்திலும் கன்னத்திலும் பிட்டத்திலும் தொடையின் உட்புறத்திலும் கன்றிப்போயிருந்தால் அது விழுந்த காயமன்று என்று ஐயுற இடமுண்டு. தவழக்கூடக் கல்லாத சிசுவின் உடலில் கன்றல் இருந்தால் உடனே மருத்துவர் பார்க்கவேண்டும். வெந்நீர் தெறித்த புண் சிதறிக் கிடக்கும். காலை வெந்நீரில் அழுத்திய புண்ணோ காலுறை அணிந்ததுபோல் ஒரே கோட்டில் நிற்கும். காயத்துக்குச் சொல்லும் காரணம் ஆளுக்கு ஆள் மாறுவதும், மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில் தாமதமும் காயத்தைவிட அதிகம் பேசும். பழகிய வீட்டுக்கோ ஒரு குறிப்பிட்ட உறவினரிடமோ போக மறுத்தழும் பிள்ளையையும், விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பிய பிள்ளையையும் அதட்டுவதற்கு முன் காரணத்தை விசாரிக்கவேண்டும். பாலியல் கொடுமை இழைப்போர் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்களே. மாமன், சிற்றப்பன் என்னும் முறைப்பெயர் எவனுக்கும் நற்சான்றிதழ் அன்று.

அவசரப்படுவோருக்கும் ஒரு சொல். நம்மவர் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே முதுகிலும் இடுப்பிலும் நீலத் திட்டுகள் இருக்கும். அவை அடிபட்டவை அல்ல. குருதி உறையாத நோயாலும் கன்றல் தோன்றும். ஓர் அடையாளம் தீர்ப்பு ஆகாது. அது விசாரணைக்கு வாயில் மட்டுமே.

கவனிப்பாரின்மை அடியைவிட அமைதியானது. தீராத சிரங்கு, ஓயாத பசி, பள்ளிக்கு அடிக்கடி வராமை, சோற்றை மறைத்துவைத்தல் ஆகியவற்றை ஆசிரியர்களே முதலில் காண்பார்கள். எனினும் வறுமையைக் குற்றமாக்குவது பெரும் அநீதி. விடியுமுன் பெரட்டுக்கு ஓடிப் பால்மரம் வெட்டிய நம் தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுத்தான் சென்றார்கள். அவர்களைக் கவனமற்றவர்கள் என்று சொல்லும் நா அழுகட்டும்! இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து மக்கள் பலர் லுக்குட்டுக்கும் போர்ட்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். லயத்தில் ஒரு கிழவியேனும் எட்டிப் பார்ப்பாள். அடுக்குமாடியில் கதவு சாத்தியபடியே கிடக்கிறது. சம்சுவும் கடனும் புகுந்த வீடு, துணையற்ற இளந்தாய், ஓயாது அழும் சிசு, ஊனமுற்ற பிள்ளை, அடிபட்டே வளர்ந்த தந்தை: இவை ஒருங்கே சேருமிடத்தில் ஆபத்து மிகுதி. இவர்கள் குற்றவாளிகள் என்பதன்று பொருள். அங்கே குற்றம் நடப்பதற்கு முன்பே உதவி செல்லவேண்டும். ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளும் அண்டை வீட்டு அக்காள், பல சொற்பொழிவுகளைவிட அதிகம் செய்துவிடுவாள்.

2001-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர், குடும்பத்தார், குழந்தை பராமரிப்போர் ஆகியோர்மீதே அறிவிக்கும் கடமையைச் சுமத்திற்று. சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் குறித்து 2017-இல் வந்த சட்டமோ, அறிந்தும் அறிவியாதவர் எவராயினும் குற்றவாளி என்கிறது. அடி, பட்டினி முதலியவற்றில் அயலானை அவன் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார்கள். “வீட்டைப் பிரித்தவன்” என்ற பழிக்கு அஞ்சி அம்மனச்சாட்சி உறங்குகிறது. 15999 என்னும் எண்ணுக்கு அழைப்பவர் தீர்ப்பு வழங்குவதில்லை. கண்டதையும் கேட்டதையும் சொல்கிறார், அவ்வளவே. சமூகநல அதிகாரி வந்து பார்க்கிறார். ஆபத்தென்று கருதிப் பிள்ளையைத் தற்காலிகமாக எடுத்துச் சென்றாலும், 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின்முன் கொண்டுவர வேண்டும். தாய் தந்தையர் தம் பக்கத்தை அங்கே சொல்லலாம். குழந்தைக்கு மட்டும், யாரேனும் அழைக்கும்வரை, தன் பக்கத்தைச் சொல்ல ஓர் இடமில்லை.