மிகை விலை

வீடு விற்பவர் எவ்வளவு கேட்கலாம்? பொருளியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் இதனை வினவினேன். "வாங்குபவர் எவ்வளவு தர இசைகிறாரோ அதுவே விலை" என்றார். பாடநூலுக்கு இணங்கிய விடைதான். எனினும், சென்ற ஆண்டு தை மாதம் எங்கள் அம்மாவின் சீதன வீட்டை விற்கப் புகுந்தபோது, 'இசைதல்' என்னும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே வழக்கு முழுவதும் அடங்கிக் கிடப்பதைக் கண்டேன்.

கேள்வி பழையது. கி.மு. 44ஆம் ஆண்டில் உரோம அறிஞர் சிசரோ தம் மகனுக்கென எழுதிய 'கடமைகள்' என்னும் நூலின் மூன்றாம் பகுதி, வீடு விற்கும் ஒருவனைக் கூண்டில் நிறுத்துகின்றது. அவன் வீட்டு அறைகளிற் பாம்புகள் உறைகின்றன, மரங்கள் பழுதானவை, அங்கே வாழ்தல் உடலுக்கு ஒவ்வாது. இவை அவனையன்றி எவருக்கும் தெரியா. சொல்லாது விற்றல் குற்றமா? பபிலோனியாவைச் சேர்ந்த டயோஜனிஸ் என்னும் தத்துவவாதி, வாங்கும்படி எவரும் வற்புறுத்தவில்லையே, சொல்லாதிருத்தல் வேறு மறைத்தல் வேறு என்று வாதிடுகிறார். அவருடைய மாணவரான தார்சுஸ் நகரத்து அந்திப்பாத்தரோ, வழி தெரியாதவனுக்கு வழிகாட்டாது விடுவதிலும் இது கொடிது, தெரிந்துகொண்டே ஒருவனைத் தவறில் வீழ்த்துவதாகும் என்கிறார். சிசரோ மாணவரின் பக்கமே நிற்கிறார்.

எங்கள் வீட்டிற் பாம்பு இல்லை, கிணறு இருந்தது. குடாநாட்டின் நிலத்தடி நன்னீர் சுண்ணக்கல்லின் இடுக்குகளிலே, உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்பது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே அதன் முதல். தையில் வீடு பார்க்க வருபவர் ஒரு வாய் குடித்துவிட்டு "நல்ல தண்ணி" என்பார். ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் அதே கிணறு உவர்க்கும். "தையிலை விக்கிறதுதான் ரீச்சர் புத்தி" என்றார் தரகர். டயோஜனிஸ் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்! வருவோர் யாவருக்கும் உவரைச் சொல்லிவிடுவதென அம்மாவும் நானும் முடிவு செய்தோம். அதைக் கேட்டு ஒருவர் விலகியும் போனார். உண்மையைச் சொன்னதோடு நம் கடமை தீர்ந்தது என்று அப்போது சிறிது மனநிறைவும் கொண்டிருந்தேன். வழக்கு அதன் பிறகுதான் தொடங்கிற்று.

நாலு பரப்புக் காணியும் வீடும். பரப்புக்கு இன்ன விலையென நாங்கள் ஒன்றைச் சொல்லியிருந்தோம். அதிலும் குறைத்துக் கேட்டவர்கள் இருவர். மூன்றாமவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், மனைவி தாதி, இரண்டு பெண்பிள்ளைகள். அவர் பேரம் பேசவில்லை. வீட்டைச் சுற்றியும் அதிகம் பார்க்கவில்லை. பரப்புக்கு இரண்டு இலட்சம் கூடுதலாகத் தருவதாகத் தரகர் மூலம் சொல்லி அனுப்பினார். கேட்டதற்கு மேல் எட்டு இலட்சம்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெரியவர் படலையடிக்கு வந்தார். "பிள்ளை, விலையை மட்டும் பாராதையும், ஆளையும் பாரும்" என்றார். ஒப்பந்தக்காரர் எந்தச் சாதியிற் பிறந்தவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அதுவரை தெரியாது என்று எழுத ஆசைதான். ஆனால், இச்சமூகத்தில் அது தெரியாமல் இருப்பதென்பது எளிதன்று.

பெரியவரின் பேச்சில் ஒலித்தது தனியொருவரின் குரலன்று. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, காணி விற்பவர் முதலில் தம் உரித்தாளருக்கும், பங்காளருக்கும், ஈட்டுரிமையுள்ள அடுத்த காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்றது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்முன்னுரிமையைப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் என்று சுருக்கிற்று. சட்டம் சுருங்கிய பின்னரும், 'யார் எம் அயலில் குடியேறலாம்' என்று தீர்மானிக்கும் உரிமை தமக்கு உண்டென அயலார் எண்ணும் எண்ணம் சுருங்கவில்லை. சாதி காரணமாக ஒருவரைப் பொதுவிடங்களில் தடுத்தலை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கிற்று. தேநீர்க் கடைகளின் கதவுகள் போராட்டத்தால் திறந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நிகழ்ந்ததை மூத்தோர் மறந்திரார். ஆனால் காணி? 'விற்க விருப்பமில்லை' என்று ஒருவர் சொன்னால் அதற்குக் காரணம் கேட்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. 1990 முதல் இடம்பெயர்ந்து, நலன்புரி முகாம்களிலேயே தலைமுறை கண்டவர்களுள் பலர் சொந்தக் காணியற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவருக்கு என்ன மறுமொழி சொல்வது என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. ஒப்பந்தக்காரருக்கே விற்போம் என்றேன். கொள்கையும் காக்கப்பட்டது; எட்டு இலட்சமும் வருகின்றது! முற்போக்கும் இலாபமும் ஒரே கையிற் சேரும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டும்? தரகர்தான் அந்த இன்பத்தைக் கெடுத்தார். "அவசரப்படாதேங்கோ ரீச்சர், இன்னும் ஏத்தலாம். இந்த றோட்டிலை மூண்டு பேர் அவருக்கு வித்து முடிஞ்சுது எண்டு சொல்லிப்போட்டினம். வேறை ஆரும் குடுக்காயினம். அவருக்கும் அது தெரியும்."

எட்டு இலட்சத்தின் பிறப்பிடம் அப்போதுதான் விளங்கிற்று. அவர் எங்கள் வீட்டை மற்றவர்களைவிட அதிகமாக விரும்பவில்லை. மற்றப் படலைகள் சாத்தப்பட்டதால், திறந்திருக்கும் ஒரே படலைக்கு அதிகம் தரப் பழகியிருந்தார். மூன்று வீட்டார் அவரை மறுத்தார்கள். அம்மறுப்பின் பயனை நான்காம் வீட்டார் இலட்சக்கணக்கில் அறுவடை செய்யவிருந்தோம். அவர்கள் தீண்டாமையைக் கைக்கொண்டார்கள். நாங்கள் அதற்கு வட்டி வாங்கவிருந்தோம். பண்டத்தின் விலையில் சமூக உறவு மறைந்து நிற்கின்றது என்று மார்க்ஸ் கூறியதை மாணவப் பருவத்திலே மனனம் செய்திருக்கிறேன். அது என் வீட்டுப் படலையில் வந்து நின்றபோது அடையாளம் காண ஒரு தரகர் வேண்டியிருந்தது.

சட்டம் இதற்கு உதவாது. நம் நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: உண்மை மதிப்பை அறியாது அதன் பாதியிலும் குறைந்த விலைக்கு விற்றவரோ, அதன் இருமடங்கிலும் கூடிய விலைக்கு வாங்கியவரோ, அவ்விற்பனையை நீக்கும்படி கோரலாம். நல்ல விதிதான். ஆனால், பாதிக்கும் இருமடங்குக்கும் இடைப்பட்ட அகன்ற வெளியை அது பேரம் பேசுவோரின் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகின்றது. தன் வீட்டின் மதிப்பை அறிந்திருந்தும், ஊரை விட்டுப் புறப்படும் அவசரத்தில் அகப்பட்ட விலைக்குக் கொடுத்துச் சென்றவர்களின் துயரத்தையும் அது தொடுவதில்லை. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகார் வணிகரை, தாம் கொள்வதில் மிகுதியோ கொடுப்பதில் குறைவோ இல்லாதவர் எனப் போற்றுகிறார். அப்பகுதியை வகுப்பிலே பலமுறை விளக்கியிருக்கிறேன். மிகுதி என்பது எதற்கு மேலே என்று எந்த மாணவியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் விடை தெரிந்திராது.

கேட்டவன் கனடாவிலிருக்கும் என் தம்பி. "அக்கா, இங்கையிருந்து ஒரு ஆள் எட்டு இலட்சம் கூடத் தாறனெண்டால் நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுவீங்களோ?" சொல்லியிருக்க மாட்டேன். "அப்ப இவரிட்டை மட்டும் ஏன்? இது அவருக்குப் பிச்சை போடுற மாதிரி இல்லையோ?"

இரண்டு கேள்விகளும் கூர்மையானவை. முதலாவதற்கு நான் கண்ட விடை இதுதான்: வெளிநாட்டுக்காரர் தரும் மிகுதி, எந்த வீட்டையும் வாங்கக்கூடிய ஒருவர் இந்த வீட்டை விரும்பியதால் வருவது. ஒப்பந்தக்காரர் தருவது, வேறெந்த வீடும் தமக்கு இல்லை என்பதால் வருவது. பணத்தாளில் இரண்டும் ஒன்றே. சிசரோவின் நூலிலேயே ஸ்கைவோலா என்னும் சட்ட அறிஞர் ஒருவர் வருகிறார். நிலம் வாங்கச் சென்ற அவர், இறுதி விலையை ஒரேதடவையிற் சொல்லும்படி கேட்டுவிட்டு, 'இதன் மதிப்பு இன்னும் கூட' என்று தாமாகவே நூறாயிரம் சேர்த்துக் கொடுத்தார். அவர் செய்தது நல்லவர் செயல், ஆனால் அறிவுள்ளவர் செயலன்று என்று ஊரார் பேசினார்களாம். ஸ்கைவோலா தந்த மிகுதியை விற்றவர் கூசாமல் வாங்கியிருக்கலாம். அதைத் தரும்படி அவரை எவரும் எங்கும் அடைத்து வைத்திருக்கவில்லை.

இவ்வேறுபாடு எல்லா இடத்துக்கும் செல்லுமா என்பதில் எனக்கு உறுதியில்லை. பிள்ளையின் பாடசாலைக்கு அருகில் வீடு தேடுபவரும் நெருக்கடியிலே உள்ளவர்தான்; அவரிடம் கூட்டிக் கேட்கலாமா? வாங்குபவரின் ஒவ்வொரு தேவையையும் நிறுத்துப் பார்த்தே விலை சொல்ல வேண்டுமெனில் எவராலும் எதையும் விற்க முடியாது. ஆயினும், விற்பவர் வகுப்பார் கூடிச் செய்த அநீதியிலே பிறந்த தேவையை அவ்வகுப்பிலொருவர் விலையாக்குவது தனியொரு வகை என்றே எண்ணுகிறேன். இரண்டாவது கேள்விக்கு அம்மாவே விடை சொன்னார். "எல்லாருக்கும் சொன்ன விலையைத்தானே அவருக்கும் சொல்லுறம். இதிலை பிச்சை எங்கை கிடக்கு?"

ஒப்பந்தக்காரரையும் மனைவியையும் நேரில் வரச் சொன்னோம். முதலிற் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். "ஆவணியிலை உவர்க்கும் எண்டு தெரியும் ரீச்சர்" என்றார் அவர். "எங்கடை ஆச்சி இந்தப் படலையிலை நிண்டு வாங்கிக் குடிச்ச தண்ணிதானே." அம்மா தலையைக் குனிந்துகொண்டார். வார்த்தவர் அம்மாவின் தாயாராக இருக்க வேண்டும். செம்பை உயர்த்தி, கைபடாமல். பிறகு விலையைச் சொன்னோம். அவர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. காணியில் ஏதேனும் வழக்குக் கிடக்கிறதோ என்று உறுதியைக் கேட்டு வாங்கி இருமுறை படித்தார். அவர் ஐயுற்றதில் நியாயம் இருந்தது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் ஒப்பமிட்டாலன்றிக் காணி கைமாறாது. எங்கள் குடும்ப உறுதிகள் இரண்டில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கையெழுத்து இருக்கிறது. இம்முறை அவர் வரவில்லை. என்னோடு கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும் தரகரும் சாட்சியிட்டனர். பணத்தை அம்மா எங்கள் இருவருக்கும் சமமாகப் பிரித்தார். எட்டு இலட்சத்திற் பாதி தனக்குச் சேரவேண்டியது, உங்கள் கொள்கைக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று தம்பி கேட்டான். அவனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லைத்தான். நாலு இலட்சத்தை என் பங்கிலிருந்து எடுத்து அனுப்பி வைத்தேன்.