அரிவாளும் போர்க்கப்பலும்

கீரமங்கலத்துக் கொல்லர் அடித்துத் தரும் அரிவாள், தேங்காய்க் குலை வெட்டவும் காய்ந்த மட்டை கழிக்கவும் பிறந்தது. எவனோ ஒருவன் சினத்தில் அதை அடுத்தவன் மீது ஓங்கிவிட்டால், குற்றம் அரிவாளுடையதன்று, அடித்தவருடையதுமன்று, ஓங்கிய கையினுடையதே என்று தீர்ப்புக் கூறுகிறோம். இத்தீர்ப்பு சரியானதே. ஆனால் மனிதன் படைக்கும் கருவிகள் அனைத்திற்கும் இது பொருந்துமா?

2022 செப்டம்பர் 2ஆம் நாள் ஐ.என்.எஸ். விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் நம் கடற்படையில் சேர்ந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கி அது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் 2009இல் அடிக்கட்டை இடப்பட்டு, 2013இல் நீரில் இறக்கப்பட்டது. நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர், செலவு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய். அதற்கு வேண்டிய தனிவகை எஃகையும் நம் அறிவியலாரே உருவாக்கினர். இத்தகைய உழைப்பையும் அறிவையும் போற்றாமல் இருக்க இயலாது.

அக்கப்பலின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தரையில் போர் விமானத்திற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். கப்பலில் அதற்கு இடமில்லை. ஆகவே மேல்தளத்தின் முன்முனையை மேல்நோக்கி வளைத்திருக்கிறார்கள். விமானம் அவ்வளைவில் ஏறி வானில் பாய்கிறது. திரும்பி இறங்கும்போது அதன் வால்பகுதியிலுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி, சில நொடிகளில் அதை நிறுத்திவிடுகிறது. வளைவும் கம்பியும் போர் விமானத்தை அனுப்பவும் மீட்கவுமே சிந்திக்கப்பட்டவை. வரைபடம் தீட்டப்பட்ட நாளிலேயே நோக்கமும் அதனுள் குடியேறிவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 2003இல் ஈராக் போரில் பங்கேற்ற அமெரிக்காவின் ஆபிரகாம் லிங்கன் என்னும் விமானந்தாங்கி, 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 ஜனவரித் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் ஆச்சே கடற்கரைக்கு வந்தது. அதன் ஹெலிகாப்டர்கள் சாலையற்றுப் போன ஊர்களுக்கு உணவும் குடிநீரும் கொண்டு சென்றன. காயமுற்றோரைத் தூக்கி வந்தன. அப்படியாயின் கப்பலும் அரிவாளைப் போன்றதுதானே?

இல்லை, இங்கே கணக்கு தலைகீழாக நிற்கிறது. அரிவாள் வாழ்வுக்காகப் பிறந்தது. கொலை அதற்கு நேரும் விபத்து. விமானந்தாங்கி போருக்காகப் பிறந்தது. தாகம் தீர்த்தல் அதற்கு வாய்க்கும் நற்பேறு. ஒரு செயலின் அறத்தை எடைபோட அதன் பொருள், நோக்கம், சூழல் ஆகிய மூன்றையும் காணவேண்டும் என்பது அறநெறி இறையியலின் தொடக்கப் பாடம். சூழல் நன்றானதால் நோக்கம் மாறிவிடுவதில்லை.

நாடு தன்னைக் காத்துக்கொள்ளக் கூடாது என்பது நம் வாதமன்று. 1965இல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கமும் நியாயமான தற்காப்பு உரிமையை ஏற்றது. ஆயுதப் போட்டியையோ வன்மையாகக் கண்டித்தது. காவலுக்கு நாய் வளர்ப்பது வேறு, கடிக்கும் நாயைக் கண்டு களிப்பது வேறு. ஆயுதம் தேவையாகலாம், மகிழ்ச்சியாகிவிடக் கூடாது.

விக்ராந்தின் உள்ளே 16 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இரண்டு அறுவைச் சிகிச்சைக் கூடங்களும் உள்ளன. அவையும் தாமாக வந்தவையல்ல. யாரோ ஒருவர் புண்பட்ட மனிதனை நினைத்து வரைந்தவை. இன்று நம் சிற்றூர்களிலிருந்து பொறியியல் கல்லூரிகளுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு நாம் சொல்லவேண்டியது இதுவே: மனச்சான்றின் பொறுப்பு, விசையை அழுத்தும் விரலில் தொடங்குவதில்லை, கோடு போடும் எழுதுகோலிலேயே தொடங்கிவிடுகிறது.

இதே பெயரில் முன்பொரு கப்பல் இருந்தது. 1961இல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் தன் விமானங்களைச் சிட்டகாங் துறைமுகத்தின் மீது ஏவி, 1997இல் ஓய்வு பெற்றது. பின்னர் அது உடைக்கப்பட்டபோது கிடைத்த உலோகத்தின் ஒரு பகுதி, 2016இல் பஜாஜ் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்களில் சேர்ந்தது. குண்டு சுமந்த விமானங்களைத் தாங்கிய உலோகம், வேலைக்குச் செல்லும் மனிதனைச் சுமந்தது. உலோகம் எதற்கும் உடன்படும். அதற்கு எவ்வடிவம் தருவது என்பதில்தான் நாம் யார் என்பது தெரிந்துவிடுகிறது.