காட்டிக்கொடுத்தது ஊரா?

புதுக்கோட்டைக்காரர் வெளியூரில் தன் ஊர்ப் பெயரைச் சொன்னால், "கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த ஊரா?" என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்டவர் விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். கேட்கப்பட்டவருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. சிலர் உடனே அன்றைய புதுக்கோட்டை அரசர் தொண்டைமானுக்கு வக்கீலாகி வாதாடுகிறார்கள். இரண்டு பேர் மீதும் எனக்கு ஒரே வழக்குதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் செய்த காரியத்தை இன்று வாழ்கிற மனிதர் தலையில் ஏற்றுகிறார் ஒருவர். இன்னொருவர் அதைக் குனிந்து வாங்கிக்கொள்கிறார்.

1799 செப்டம்பர் 5 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் நடத்திய படை கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. முதல் தாக்குதல் பலிக்கவில்லை. ஆங்கில அதிகாரிகளும் மாண்டார்கள். கோட்டையை இனிக் காக்க முடியாது என்ற நிலையில் கட்டபொம்மன் வடக்கே தப்பினார். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில், விஜயரகுநாதத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நிலப்பகுதியும் தொண்டைமானுக்குக் கிடைத்தன.

இது துரோகமா? துரோகம் என்றால் முதலில் ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். 1750களில் திருச்சி முற்றுகையின்போதே கம்பெனிக்கு உணவும் குதிரைப்படையும் அனுப்பியவர்கள் தொண்டைமான்கள். கட்டபொம்மனுக்கு அவர்கள் குடிகளும் அல்லர், கூட்டாளிகளும் அல்லர். அண்டைப் பாளையங்களான எட்டையபுரமும் பாஞ்சாலங்குறிச்சியுமே எல்லைத் தகராறில் ஒன்றையொன்று பகைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரே நாடு என்ற எண்ணம் இல்லாத இடத்தில் தேசத்துரோகி எப்படி முளைப்பான்? இதுவரை தொண்டைமானின் வக்கீல்களோடு நான் வருவேன். இதற்கு மேல் வர மாட்டேன். உயிருக்குத் தப்பி ஓடிவந்த ஒருவனை, தூக்குக் கயிறு காத்திருக்கிறது என்று தெரிந்தே பிடித்துக் கொடுத்ததும், பிறகு நிலம் வாங்கிக்கொண்டதும், எந்த உடன்படிக்கையைக் காட்டினாலும் நியாயமாகாது. செயலை எடை போடுங்கள். செய்தவர் எவரோ அவரிடம் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

நடந்த செயலையும் அதைப் பற்றிப் பரவும் கதையையும் பிரித்துக் காட்டிய படம் ஒன்று உண்டு: ஜான் ஃபோர்டு 1948இல் எடுத்த 'ஃபோர்ட் அப்பாச்சி' என்ற குதிரைப்படைப் படம். எல்லைக் கோட்டை ஒன்றில் இரண்டு அதிகாரிகள் மோதுகிறார்கள். புகழ்ப் பசி பிடித்த தர்ஸ்டே, அப்பாச்சித் தலைவர் கோச்சீஸை நம்ப வைத்து அழைத்துவந்த கேப்டன் யார்க்கின் வாக்கைக் காற்றில் விட்டு, தன் வீரர்களைச் சாவுக்குள் நடத்திப் போகிறார். கடைசியில் அதே யார்க், செத்துப்போன தர்ஸ்டேயைப் பத்திரிகைக்காரர்கள் முன் மாவீரனாகவே விட்டுவைக்கிறார். படைக்கு அந்தக் கதை பயன்படுகிறது. ஆனால் உண்மை என்ன என்பது படம் பார்ப்பவருக்குத் தெரியும்.

நமக்கு அப்படியொரு வாய்ப்பு வாய்க்கவில்லை. 1959இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. சிவாஜி கணேசனின் நடிப்பில் நாடே சொக்கியது. அந்த நடிப்பில் எனக்குக் குறையில்லை. வீரன் யார், துரோகி யார் என்று கொட்டகையில் கேட்ட தீர்ப்பையே வரலாறாக வைத்துக்கொண்டதுதான் பிழை. அந்தத் தீர்ப்பில் பானர்மேன் படையின் சிப்பாய்களுக்கு இடமே இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த மண்ணின் பிள்ளைகள். சம்பளத்துக்காகத் துப்பாக்கி தூக்கியவர்கள். ஆங்கில அதிகாரிகளுக்குப் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கல்லறைகள் உண்டு. இந்தச் சிப்பாய்களின் பெயரைச் சொல்ல ஆளில்லை. எட்டையபுரத்தாரையும் புதுக்கோட்டையாரையும் பரம்பரையாகப் பழிப்பவர்கள், கம்பெனிச் சிப்பாய்களின் வழிவந்தவர்களை ஏன் தேடுவதில்லை? தேடினால் பழி தங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்காரும்.

பிறந்த இடத்தை வைத்துக் குற்றம் சாட்டும் இந்தப் பழக்கத்தை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. பெருமை பிறப்பால் வரும் என்றால் இழிவும் பிறப்பால் வரும்; சாதி நிற்பது இந்த ஒரே தூணில்தான். 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. அதை விசாரிக்க மாவட்ட ஆட்சியர் நேரில் போனபோது தேநீர்க் கடையில் சாதி பார்த்துத் தரும் இரட்டைக் குவளை இருந்தது. அங்கே இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்களை விடுவதில்லை என்பதும் வெளியே வந்தது. ஆட்சியரே அவர்களை உள்ளே அழைத்துப் போக வேண்டியிருந்தது.

புதுக்கோட்டைக்காரரை நிறுத்திக் கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் அந்தக் குவளையைப் பற்றிக் கேளுங்கள். 1799இல் நடந்ததற்கு அவர் பொறுப்பல்ல. அந்த இரண்டாவது குவளை யார் கண்ணுக்கும் படாமல் இருந்ததில்லை. அதில் தேநீர் ஊற்றிக் கொடுத்தவர்களும், பக்கத்தில் நின்று வேறு குவளையில் குடித்தவர்களும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களால் பதில் சொல்ல முடியும்.